கொஞ்சம் கலரா போடுங்க, அண்ணாச்சி

போன மாதம் ஒரு பையன் பெண் வீட்டுக்கு அனுப்ப போட்டோ எடுக்க வந்தான். ஸ்டூலில் உட்கார வைத்து லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் கலரா போடுங்க, அண்ணாச்சி" என்றான். அவன் சொன்ன கலர் எந்தக் கலர் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1982-ல் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு, சங்கரன்கோவிலில் அப்பா நடத்திய ஸ்டூடியோவுக்குள் வேலைக்காரனாக நுழைந்தேன். முதல் வாரமே ஒருவர் இதே வார்த்தையை அப்பாவிடம் சொன்னார். அப்போது எங்கள் கடையில் கறுப்பு வெள்ளை மட்டும்தான். அப்பா மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டு இருட்டறைக்குள் போனார். நெகட்டிவை தாள் மேல் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் விளக்கை வழக்கத்தைவிட ஒரு செகண்ட் முன்னதாக அணைத்தார். தாளில் வெளிச்சம் குறைவாக விழுந்தால் தாள் குறைவாகக் கறுக்கும், முகம் வெளுப்பாக வரும். வித்தை அவ்வளவுதான். வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கைராசிக்காரர் என்றார்.

இன்றைக்கு அந்த ஒரு செகண்டை போனில் ஒரு கோட்டை இழுத்துச் சரிசெய்கிறார்கள். இருட்டறையை நான் ஸ்டோர் ரூம் ஆக்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. நான் தொழில் கற்றபோது கையில் பிடித்த சாமான் ஒன்றுகூட இன்று புழக்கத்தில் இல்லை, முக்காலி ஸ்டாண்டைத் தவிர. கேட்பவர்கள் கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு லட்சம் ரூபாய் செலவானது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் இருட்டறை எட்டுக்கு ஆறு. சிவப்பு விளக்கு, மூன்று டிரே, ஒரு தண்ணீர்த் தொட்டி. முதல் டிரேயில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், நடுவில் அதை நிறுத்தும் அசிட்டிக் ஆசிட் கலந்த தண்ணீர், கடைசியில் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ. பிலிம் கழுவும் மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். சித்திரை மாதம் எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். ஐஸ் ஃபாக்டரியில் கட்டி வாங்கி, துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்து வருவேன். பாதி வழியில் உருகிவிடும். மருந்து பாட்டிலை அந்த ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, விரலை விட்டே அப்பா சூடு சொல்வார். வாங்கியதெல்லாம் ஊட்டிச் சரக்கு. மத்திய அரசு 1960-ல் உதகையில் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' தாள். மலையிலிருந்து வரும் அந்த டப்பாவைத் திறந்தால் ஒரு குளிர் வாசனை அடிப்பதாக எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாகக்கூட இருக்கலாம்.

அப்பாவின் பெருமையெல்லாம் டச்சிங்கில். நெகட்டிவ் மேல் பென்சில் பிடிப்பதற்கான மீடியம் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள குழியையும் மறைப்பார். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் முழு டச்சிங். செத்துப்போனவர் படத்தைப் பெரிதாக்கச் சொன்னால் பென்சிலைத் தொடமாட்டார். "கல்யாணத்துக்குப் பாக்குறவன் புதுசாப் பாக்குறான். இது வீட்டு ஆளுங்க பாக்குறது. கோடு போனாலும் கண்டுபிடிச்சிருவாங்க" என்பார். அந்த வயதில் இது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய பாட்டிகள் அப்போது ஏராளம். திருவிழாவுக்கு வந்த குடும்பம் மொத்தமும் திரைச்சீலைக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும், பாட்டி மட்டும் வாசலில் உட்கார்ந்துவிடுவார். என் சொந்த ஆச்சியே அப்படித்தான். போட்டோ ஸ்டூடியோக்காரரின் அம்மா, அறுபத்தெட்டு வயது வரை ஒரு படம் கிடையாது. அப்பா சொல்லிப் பார்த்தார், சித்தப்பா அறிவியல் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. என் அண்ணன் துபாய்க்குப் போனான். அங்கிருந்து போட்ட முதல் கடிதத்தில் 'ஆச்சி போட்டோ ஒண்ணு அனுப்புங்க' என்று எழுதியிருந்தான். மறுநாள் காலை ஆச்சி குளித்து, திருநீறு பூசி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கடை திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார்.

இன்றும் வீட்டில் பெரியவர்கள் போன் பணப்பரிமாற்றத்துக்கோ வீடியோ காலுக்கோ மாட்டேன் என்று நிற்கும்போது, வசதியைப் பட்டியல் போட்டு விளக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பட்டியல் வேலை செய்யாது. ஆச்சிக்கு ஆயுசு பயம் கடைசிவரை போகவில்லை. பேரன் முகம் அதைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். யாருக்காக அவர் இறங்கி வருவார் என்று கண்டுபிடித்து, அந்த ஆளைக் கேட்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊருக்குக் கலர் வந்தது. எடுப்பது நாங்கள், கழுவுவது திருநெல்வேலி லேப். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கையில் கவரைக் கொடுத்தால் மறுநாள் பிரிண்ட் வந்துவிடும். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "கழுவத் தெரியாதவன் எல்லாம் போட்டோகிராபரா?" என்று புலம்புவார். எனக்கு இருபது வயது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டி, அவருக்குத் தெரியாமல் கலர் ரோல் வாங்கிக் கல்யாணங்களுக்குப் போனேன். பிறகு வீடியோ வந்தது. தோளில் வைத்துத் தூக்கும் கேமரா, பின்னால் லைட் பிடிக்க ஒரு ஆள், அவன் காலடியில் ஒயர். அதையும் சமாளித்தோம். மாற்றம் என்றால் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டேன். மாற்றம் எனக்கு லாபமாக வந்த காலம் அது, அதனால் எளிதாக இருந்தது. இது பின்னால்தான் உறைத்தது.

2004 வாக்கில் டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கம் தலைகாட்டியது. ஒரு கல்யாணத்தில் மதுரைக்காரர் ஒருவர் எடுத்த படத்தைக் காட்டினார். "என்னது இது, கோலப்புள்ளி மாதிரி இருக்கு" என்றேன். கடையில் வேலை பார்த்த பையன், "அண்ணாச்சி, நாமளும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடுவோம்" என்றான். "ஏலே, முதல்ல ஒழுங்கா போகஸ் பண்ணப் படி" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அது கேலி. அப்பா என்னிடம் புலம்பியதைவிடக் கீழானது. அப்பா தன் வேலையை நேசித்ததால் புலம்பினார். எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் ஒரே நாளில் பழசாகிவிடுமோ என்ற பயம், அதை மறைக்கக் கேலி.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் நோட்டே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. மாதாமாதம் எத்தனை ரோல் லேபுக்குப் போனது என்று எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. 2003 தீபாவளி மாதம் 212. அடுத்த வருஷம் அதே மாதம் 170. அதற்கு அடுத்தது 96. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். முதல் குறைவுக்கு விசைத்தறி ஓட்டம் சரியில்லை என்று காரணம் சொன்னேன். இரண்டாவதற்கு முகூர்த்தம் குறைவு. மனசுக்கு வேண்டாத கணக்கு வந்தால், அதைத் தள்ளிவிட ஒரு காரணம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

2006 தை மாதம் ஒரு தரகர் வந்தார். பெருநகர லேப் ஒன்றில் ஓடிய கலர் பிரிண்டிங் மிஷின், கண்டிஷன் அருமை, ஏழு லட்சம். புதுசு என்றால் நாலு மடங்கு ஆகும் என்றார். எங்கள் ஊரிலேயே லேப்! திருநெல்வேலி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், சுற்றியுள்ள கடைக்காரர்கள் எல்லாம் நம்மிடம் வருவார்கள். மனைவியின் நகை கொஞ்சம், வீட்டுப் பத்திரம் மிச்சம். மிஷின் இறங்கிய அன்று தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவ்வளவு நல்ல மிஷின அவன் ஏன் விக்கான்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் வயதைக் காரணமாக்கி மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன்.

அந்த மிஷின் நெகட்டிவில் இருந்து மட்டும் பிரிண்ட் போடும். நகரத்து லேப்கள் டிஜிட்டலுக்குத் தாவிக்கொண்டிருந்தன, அதனால்தான் பழசைத் தள்ளிவிட்டார்கள். இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியாது. அதில் ஓடும் கெமிக்கல் தினமும் போதுமான ரோல் உள்ளே போனால்தான் சரியாக இருக்கும். வேலை குறைந்தால் மருந்து காற்றுப் பட்டுக் கெடும், நிறம் மாறும், கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஆக, வேலை இல்லாத நாளில் செலவு அதிகம். 2008-ல் கரண்ட் கட் வேறு சேர்ந்துகொண்டது. சூடேறி நிற்கும்போது கரண்ட் போனால், திரும்ப வந்து நிலைக்கு வர முக்கால் மணி நேரம். அந்த வருஷக் கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடை போட்டார். நாற்பதாயிரம்கூடத் தேறவில்லை. கடன் 2013 வரை ஓடியது.

யாராவது ஒரு தொழில் சாமானை மலிவாகத் தந்தால் இப்போது மூன்று விஷயம் விசாரிக்கிறேன். விற்கிறவன் இதற்குப் பதிலாக எதை வாங்குகிறான்? வேலையே வராத மாதத்தில் இது என்ன தின்னும்? விற்கத் தோன்றினால் யார் வாங்குவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இரும்புக் கடை' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னைப்போல் ஏமாந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு என்பது பிறகு ஆறுதலாக இருந்தது. முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் செய்து பார்த்ததே கோடாக் கம்பெனியின் இன்ஜினியர்தான், ஸ்டீவன் சாசன் என்று பெயர். ஒரு படம் பதிவாக 23 செகண்ட், அதுவும் கேசட் டேப்பில். பிலிம் விற்றுச் சம்பாதித்த கம்பெனிக்கு பிலிம் வேண்டாத கேமராவைப் பிடிக்குமா? 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. அதே பிலிம் வியாபாரம் செய்த ஃபியூஜி பிழைத்துக்கொண்டது. பிலிமில் பூசும் ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருவது. அதைப் பற்றிச் சேர்த்த அறிவை வைத்து முகத்துக்குப் பூசும் கிரீம் விற்க வந்தார்கள். போட்டோ கம்பெனிக்காரன் கிரீம் விற்கிறானே என்று படித்தபோது சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை!

கடைப் பையன் அதற்குள் என்னை விட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலி போய் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு, 2007-ல் பஸ் ஸ்டாண்டு பக்கம் தனிக்கடை போட்டான். கரிஷ்மா ஆல்பம் அவன் கடையில்தான் முதலில் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம், பின்னணியில் சுவிட்சர்லாந்து மலை, ஓரத்தில் பறக்கும் புறா. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊர் அள்ளிக்கொண்டு போனது. அவன் கடையைத் தாண்டாமல் இருக்க மூன்று வருஷம் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன். அவன் செய்தது துரோகம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எனக்குக் கொடுத்த யோசனையை நான் எடுக்காமல், தானே எடுத்துக்கொண்டான். இதில் துரோகம் எங்கே?

2009-ல் அப்பா இறந்தார். வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, மாலை போட ஒரு படம் தேடினோம். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை. கல்யாணக் கூட்டத்தில் பாதி முகம், ரேஷன் கார்டில் ஒரு ஸ்டாம்ப் சைஸ், அவ்வளவுதான். கடைசியில் 1982-ல் நான் கேமரா பழகியபோது எடுத்த நெகட்டிவ் ஒன்று கிடைத்தது. லைட் சரிபார்க்க அவரையே உட்காரச் சொல்லி எடுத்தது. போகஸ் தப்பு. காது மயிர் வரை துல்லியமாகத் தெரியும், கண் மட்டும் மங்கல். அதுதான் இன்றும் கடையில் தொங்குகிறது. தெரிந்தவர்கள் யாரும் கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. "அப்பா அப்படியே இருக்காவ" என்கிறார்கள்.

அந்தப் பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கடைப் பையன் வந்திருந்தான். பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்தான். பேசவில்லை. போகும்போது, "கடைக்கு ஒருநாள் வாங்க அண்ணாச்சி" என்றான். ஐந்தாறு மாதம் கழித்துப் போனேன். அவன் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தான். எனக்கு நாற்பத்துநாலு வயது. மவுஸ் என் பேச்சைக் கேட்கவில்லை. 'லேயர்' என்றான், மண்டையில் ஏறவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "நாம நெகட்டிவ் மேல மீடியம் தடவிப் பென்சில் வைப்போம்லா? நெகட்டிவையே தொடாம, அதுக்கு மேல ஒரு கண்ணாடித் தகடு வச்சு, அந்தத் தகட்டுல பென்சில் வைக்குத மாதிரி. பிடிக்கலையா, தகட எடுத்துரலாம்" என்றான். உடனே புரிந்தது. அப்பாவுக்கு இந்தத் தகடு கிடைத்திருந்தால் எத்தனை நெகட்டிவ் கெடாமல் இருந்திருக்கும் என்று தோன்றியது.

வயதான பிறகு புதிது கற்க வகுப்பில் சேருவதைவிட, நம் பழைய வேலையும் தெரிந்த ஒரு இளைய ஆளைப் பிடிப்பது மேல். அவனால்தான் நம் பாஷையில் சொல்ல முடியும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். முதல் நாளோடு அது போய்விடும்.

மெல்ல இன்னொன்றும் தெளிந்தது. என் திறமை என்று எதை நெஞ்சில் கட்டிக்கொண்டு அழுதேனோ, அந்த மருந்துக் கலவை, கழுவும் பக்குவம், பென்சில் முனை எதற்கும் யாரும் எனக்குக் காசு கொடுத்ததில்லை. உர்ரென்று உட்காரும் மாமனாரைச் சிரிக்க வைப்பது, தாலி கட்டும் நொடிக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது, கறுத்த முகத்துக்கு எங்கிருந்து வெளிச்சம் விழுந்தால் களையாக இருக்கும் என்பது. கொடுத்தது இவற்றுக்குத்தான். இவை எந்தக் கேமராவிலும் செல்லும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு: உங்களிடம் திரும்பத் திரும்ப வரும் நாலு பேரிடம், எதற்காக என்னிடம் வருகிறீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பார்த்த பதில் ஒருவரும் சொல்லமாட்டார். ஒரு அம்மா என்னிடம், "உங்க கடையில சேல மடிப்ப சரி பண்ண கண்ணாடி பெருசா இருக்கு" என்றார்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. ஆதார் எடுக்கும் இடத்திலேயே முகம் பிடித்துக்கொண்டார்கள், பாஸ்போர்ட் ஆபீஸிலும் அப்படியே. பாஸ்போர்ட் சைஸ் வருமானம் கரைந்தது. ஆதாரில் தன் முகத்தைப் பார்த்து அதிர்ந்துபோய், எங்களிடம் நல்ல படம் எடுத்து அதை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. 2016-க்குப் பிறகு நெட் மலிவாகி எல்லார் கையிலும் கேமரா. 2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்றபோது, நானும் பையனும் சேர்ந்து வெளியூர் சொந்தங்களுக்கு நேரலை ஓட்டினோம். அவன் கேமரா, நான் ஐயரிடம் 'ஒரு நிமிஷம் சாமி' சொல்லும் ஆள்.

புதுமைக்குப் பழகிவிட்டேன் என்று நிமிர்ந்தபோது ஒரு அடி விழுந்தது, 2015-ல். ஒரு கல்யாணத்து மொத்தப் படமும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். அது கீழே விழுந்தது. சென்னை வரை அனுப்பியும் முகூர்த்தப் படங்கள் திரும்பவில்லை. பெண்ணின் அப்பாவிடம் முழுப் பணத்தையும் நீட்டினேன். "பணத்தையா கேக்க வந்தேன்?" என்றார். அதற்கு மேல் அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பாவின் பிஸ்கட் டின்களில் 1968-லிருந்து நெகட்டிவ் கிடக்கிறது, பட்டர் பேப்பர் உறையில், நம்பரோடு. என் ஏழு வருஷ வேலை ஒரு கை தவறலில் போகப் பார்த்தது. அன்றிலிருந்து மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு டிஸ்க்கில், ஒன்று கடைக்கு வெளியே வீட்டில்.

உங்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு மூன்று நாலு பேர் அழுத கண்ணோடு என் கடைக்கு வருகிறார்கள். கையில் போன். அதில் மூவாயிரம் படம். அம்மா எல்லாவற்றிலும் ஓரத்தில் இருப்பார், அல்லது தட்டு ஏந்திக்கொண்டு, அல்லது பேரன் தலைக்குப் பின்னால் பாதி. நேராக ஒரு முகம் இருக்காது. இருக்கிற ஒன்றும் வாட்ஸாப்பில் பல கை மாறி வந்து, பெரிதாக்கினால் களிமண்ணாகக் குழையும். வருஷத்தில் ஒருநாள், பொங்கலோ பிறந்தநாளோ, வீட்டுப் பெரியவர்களை வாசல் வெளிச்சத்தில், வெயில் முகத்தில் அடிக்காமல், கண் உயரத்துக்குப் போனைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் வாட்ஸாப் அதை நசுக்காது. ஒன்றையாவது தாளில் பிரிண்ட் போட்டு, பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

சமீபத்தில் பையன் வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. முகம் சரியில்லை. "அண்ணாச்சி, இந்த ஏஐ நம்ம பொழப்புல மண்ணப் போட்டிரும்போல. ஆல்பம் டிசைனு, பழைய படம் சரி பண்ணுதது எல்லாம் அதுவே பண்ணுது. பண்ணுததும் நல்லாவா இருக்கு? மெழுகு பொம்ம மாதிரி!" என்றான். மெழுகு பொம்மை என்றதும் என் காதில் 'கோலப்புள்ளி' என்று கேட்டது. சொல்லிக்காட்டவில்லை. "உன் பில் புக்க எடுத்துட்டு வா" என்றேன். மூன்று வருஷத்தை விரித்து வைத்து எண்ணினோம். டிசைன் வேலை பாதியாகியிருந்தது. காதுகுத்து, சடங்கு, புதுமனை மூன்றும் குறையவில்லை, கூடியிருந்தது. டிசைனுக்கென்று இரண்டு சம்பள ஆள் வைத்திருக்கிறான். வருமானம் இருக்கும்போதே அவர்களை வெளிவேலைக்குப் பழக்கு, பிறகு முடியாது என்றேன். அவனுக்கு அது ரசிக்கவில்லை. "பாப்போம்" என்று எழுந்து போனான். நான் அவன் வயதில் 'பாப்போம்'கூடச் சொல்லவில்லை.

எனக்கும் அந்த ஏஐ மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு மாதம் காசு கட்டிப் பார்த்தேன். புளியங்குடியிலிருந்து ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், கிழிந்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அம்மா. 1983-ல் எங்கள் கடையில் எடுத்தது, பின்னால் கடை முத்திரை இருந்தது. நெற்றிக்கு மேல் கரையான் தின்றிருந்தது, கன்னத்தில் குறுக்கே ஒரு மடிப்பு. ஸ்கேன் செய்து ஏஐயிடம் கொடுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கிழிசல் போய், மடிப்பு போய், தலைமுடி இழை இழையாக. அப்பா பார்த்திருந்தால் நாலு நாள் வேலை என்று சொல்லியிருப்பார். திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "இது எங்கம்மா இல்லியே, அண்ணாச்சி" என்றார்.

பழைய படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் போனேன். இடது மூக்கோரம் கடுகளவு ஒரு மரு. அதை அழுக்கு என்று நினைத்து ஏஐ துடைத்துவிட்டிருந்தது. புருவமும் கொஞ்சம் சீராகியிருந்தது. பின்பக்கத்து நம்பரைப் பார்த்து அப்பாவின் நோட்டைப் புரட்டி, பிஸ்கட் டின்னில் தேடினேன். நெகட்டிவ் இருந்தது. ஒரு மூலையில் பூஞ்சை பூத்திருந்தாலும் முகத்தில் படவில்லை. நோட்டில் அந்த நம்பருக்கு எதிரே அப்பா கையெழுத்தில் 'மாப்பிள்ளை வீட்டுக்கு இல்லை, டச்சிங் வேண்டாம்' என்றிருந்தது.

நெகட்டிவை ஸ்கேன் செய்து, பூஞ்சையை மட்டும் கையால் எடுத்து, மறுநாள் அவரை வரச் சொன்னேன். மரு அதன் இடத்தில் இருந்தது. பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டுக்குப் பதினைந்து சைஸ், தேக்குச் சட்டம், இரண்டு பிரதி என்று பேசி முடித்து, போனில் ஸ்கேன் செய்து அட்வான்ஸும் அனுப்பிவிட்டு வாசல் வரை போனார். அப்புறம் நின்று, திரும்பி வந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மருவ ஒண்ணும் பண்ணிராதீங்க. முகத்த மட்டும் கொஞ்சம் கலரா போடுங்க, அண்ணாச்சி."